பசுங்கணிக ஜீனோம்களை ஒப்பிடுவது எப்படி? காட்டுப் புகையிலைச் செடிகளை வைத்து ஒரு பயிற்சி

பசுங்கணிகம் (குளோரோபிளாஸ்ட்) என்பது செடியின் செல்லில் ஒளிச்சேர்க்கை நடக்கும் நுண்ணுறுப்பு. அதற்கென்று தனி டிஎன்ஏ உண்டு. ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளால் ஆன அந்த டிஎன்ஏவின் முழு வரிசைதான் பசுங்கணிக ஜீனோம், அந்த வரிசையைக் கண்டறிவதைத்தான் இங்கே படிப்பது என்கிறேன். இந்த ஒப்பீட்டில் புதிதாக இறங்குகிறவர்களுக்கு முதல் பயம் மென்பொருள்மீதுதான். நிரல் எழுத வராதே, கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கத் தெரியாதே என்று தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையில்லை. பெரும்பாலான வேலைகளுக்கு இணையத்திலேயே இலவசக் கருவிகள் இருக்கின்றன. கோப்பை ஏற்றினால் படமும் அட்டவணையும் வந்துவிடும்.

உண்மையான சிக்கல் அதற்கு முன்பே இருக்கிறது. ஒப்பிட எடுத்த ஜீனோம்கள் ஒரே இடத்தில் தொடங்காது, ஒரே திசையில் இருக்காது, அவற்றில் மரபணுக்களும் ஒரே முறையில் குறிக்கப்பட்டிருக்காது. அவற்றை அப்படியே கருவிக்குள் போட்டால், செடியில் இல்லாத வேறுபாடுகள் படத்தில் பளிச்சென்று தெரியும். அவற்றை நம்பி எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளும் வெளிவந்திருக்கின்றன. அதனால் ஒப்பீட்டைவிட அதற்கு முந்தைய ஒழுங்குபடுத்தலுக்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எதை வைத்துப் பழகுவது?

விடை ஏற்கெனவே தெரிந்த ஒரு கணக்கைப் போட்டுப் பழகுங்கள். அதற்கு நிக்கோட்டியானா பேரினத்தைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. நாம் பயிரிடும் புகையிலையான நிக்கோட்டியானா டபாக்கம், இயற்கையில் நடந்த ஒரு கலப்பினால் உருவான செடி. அதன் பெற்றோர் இனங்களின் வழிவந்தவை இன்றும் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் பகுதியில் காட்டுச் செடிகளாக வளர்கின்றன. ஒன்று சில்வெஸ்ட்ரிஸ்: நீளமான வெள்ளைக் குழல் பூக்கள், பொழுது சாய்ந்தால் மணம் வீசும். மற்றது டொமென்டோசிஃபார்மிஸ்.

மூன்றின் பசுங்கணிக ஜீனோமும் முழுமையாகப் படிக்கப்பட்டு, யாரும் இறக்கிக்கொள்ளும்படி கிடைக்கின்றன. புகையிலையின் பசுங்கணிக ஜீனோமை 1986இல் ஜப்பானில் ஷினோசாக்கியும் சுகியுராவும் அவர்களுடைய குழுவினரும் வெளியிட்டார்கள். பூக்கும் தாவரம் ஒன்றில் அது முழுதாகப் படிக்கப்பட்டது அதுவே முதல் முறை. 2006இல் சுகியுராவின் குழு இரண்டு காட்டு இனங்களையும் படித்துப் புகையிலையோடு ஒப்பிட்டது. அவர்களுக்குக் கிடைத்த எண்கள் கீழே வருகின்றன. அதே எண்களை நீங்களும் எட்டுகிறீர்களா என்பதுதான் இந்தப் பயிற்சி.

அமைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

பூக்கும் தாவரங்களின் பசுங்கணிக ஜீனோம் பொதுவாக வட்டமாக வரையப்படும். அதில் நான்கு துண்டுகள்: பெரிய ஒற்றைப் பகுதி, சிறிய ஒற்றைப் பகுதி, இந்த இரண்டையும் பிரித்து நிற்கும் தலைகீழ் இரட்டைகள் இரண்டு. இரட்டைகள் இரண்டிலும் இருப்பது ஒரே எழுத்து வரிசைதான், ஆனால் எதிரெதிர்த் திசையில். புகையிலையில் பெரிய ஒற்றைப் பகுதி 86,686 எழுத்து, சிறியது 18,571, இரட்டை ஒவ்வொன்றும் 25,343. கூட்டினால் 155,943.

இந்தக் கூட்டலை ஒவ்வொரு ஜீனோமுக்கும் கையால் போட்டுப் பாருங்கள். நான்கு துண்டுகளின் கூட்டுத்தொகை மொத்த நீளத்தோடு பொருந்தாவிட்டால் எல்லைகளை எங்கோ தவறாகக் குறித்திருக்கிறீர்கள் என்று பொருள். ஒரு நிமிட வேலைதான், பின்னால் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

முதல் படி: இறக்குவது

டிஎன்ஏ வரிசைகளின் பொதுக் களஞ்சியமான அமெரிக்காவின் என்சிபிஐ தளத்தில் நியூக்ளியோடைடு பிரிவுக்குப் போய்ப் பதிவெண்ணால் தேடுங்கள். புகையிலைக்கு என்சி_001879, சில்வெஸ்ட்ரிஸுக்கு என்சி_007500, டொமென்டோசிஃபார்மிஸுக்கு என்சி_007602. மூன்று எண்களின் முன்னாலும் வரும் என், சி இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் அடிக்க வேண்டும். இவற்றோடு ஒரு தூரத்து உறவும் தேவை. கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த ஐரோப்பியக் காட்டுச் செடி அட்ரோபா பெல்லடோனாவை எடுத்துக்கொள்ளலாம், பதிவெண் என்சி_004561. கடைசியில் உறவு மரம் வரையும்போது அது பயன்படும்.

ஒவ்வொன்றையும் இரண்டு வடிவத்தில் சேமியுங்கள். எழுத்து வரிசை மட்டும் இருக்கும் ஃபாஸ்டா கோப்பு ஒன்று, மரபணுக் குறிப்புகளும் சேர்ந்த ஜென்பேங்க் கோப்பு ஒன்று. பதிவெண்ணுக்குப் பின்னால் புள்ளி வைத்து வரும் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். இது சடங்குக்காகச் சொல்வதல்ல. 1986இல் வெளியான புகையிலை வரிசையின் நீளம் 155,844. சுகியுராவின் குழு 2005இல் திருத்தி வெளியிட்ட பதிப்பில் அது 155,943 ஆனது. நெருங்கிய உறவுச் செடிகளை ஒப்பிடும்போது 99 எழுத்து பெரிய வித்தியாசம். பழைய பதிப்போடு ஒப்பிட்டிருந்தால் அந்தத் திருத்தங்கள் எல்லாம் இனங்களுக்கு இடையிலான வேறுபாடாகக் கணக்கில் ஏறியிருக்கும்.

இரண்டாம் படி: தொடக்கமும் திசையும்

பசுங்கணிக ஜீனோம் வட்டம், கோப்போ நேர்கோடு. வட்டமாகக் கட்டிய மாலையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் அறுத்து நீட்டினால் பூக்களின் வரிசை வேறுபட்டுத் தெரியும், மாலை என்னவோ ஒன்றுதான். எங்கே அறுப்பது என்பதற்கு ஒரு வழக்கம் இருக்கிறது. பெரிய ஒற்றைப் பகுதியின் முதல் எழுத்தில் தொடங்கி, அதன்பின் ஒரு இரட்டை, பிறகு சிறிய ஒற்றைப் பகுதி, கடைசியில் மற்ற இரட்டை. இந்த வழக்கப்படி அமைந்தால் தொடக்கத்தை ஒட்டி டிஆர்என்ஏ-எச் மரபணு நிற்கும்.

தொடக்கத்தைச் சரிசெய்வது எளிது. திசைதான் ஆளை ஏமாற்றும். தலைகீழ் இரட்டைகள் ஒன்றோடொன்று இணைந்து மாறிக்கொள்வதால், சிறிய ஒற்றைப் பகுதி ஒரே செடியில் இரண்டு திசையிலும் காணப்படும். 1983இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஜெஃப்ரி பாமர் அவரைச் செடியின் பசுங்கணிகத்தில் இதைக் காட்டினார். இரண்டு வடிவமும் ஏறத்தாழச் சம அளவில் இருக்கும். பொதுக் களஞ்சியத்தில் ஏற்றுகிறவர் ஏதாவது ஒன்றைத் தேர்ந்து ஏற்றிவிடுவார். இரண்டு இனங்களின் கோப்புகள் எதிரெதிர்த் திசையில் இருந்தால், ஒப்பிடுகிறவர் கண்ணுக்குப் பதினெட்டாயிரம் எழுத்து நீளத்துக்கு ஒரு பெரிய தலைகீழ் மாற்றம் தெரியும். அது பரிணாம மாற்றம் அல்ல.

இதைக் கண்டுபிடிக்க நான் நம்புவது புள்ளிப்படம், அதாவது இரண்டு வரிசைகளிலும் பொருந்தும் இடங்களைப் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் காட்டும் படம். என்சிபிஐயின் பிளாஸ்ட் என்ற வரிசை ஒப்பீட்டுக் கருவியின் பக்கத்தில் இரண்டு வரிசைகளை ஒன்றுக்கொன்று ஒப்பிடும் வசதி உண்டு. ஒரு பெட்டியில் புகையிலையையும் மற்றதில் சில்வெஸ்ட்ரிஸையும் போட்டு ஓட்டினால் முடிவுகளோடு புள்ளிப்படமும் வரும். அதில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை முறியாத நீண்ட கோடு ஒன்று ஓட வேண்டும். அதற்குக் குறுக்கான சாய்வில், நடுக்கோட்டிலிருந்து விலகி, இரண்டு குட்டிக் கோடுகள் தெரியும். ஒரு செடியின் முதல் இரட்டை மற்றதன் இரண்டாம் இரட்டையோடு பொருந்துவதால் வருபவை அவை. அவற்றைக் கண்டு கலங்க வேண்டாம், அவை இருந்தே ஆக வேண்டும்.

சிறிய ஒற்றைப் பகுதி திரும்பியிருந்தால் படம் வேறு மாதிரி இருக்கும். நீண்ட கோடு அந்தப் பகுதியில் அறுந்துபோகும். குறுக்குச் சாய்வில் இருந்த இரண்டு குட்டிக் கோடுகளுக்கும் நடுவே புதிதாக ஒரு கோடு வந்து, மூன்றும் சேர்ந்து ஒரே நீண்ட கோடாகிவிடும். ஒருமுறை பார்த்துவிட்டால் அதன்பிறகு படத்தைப் பார்த்த கணமே தெரிந்துவிடும்.

படம் பார்க்காமலும் சரிபார்க்கலாம். புகையிலையின் கோப்பில் சிறிய ஒற்றைப் பகுதி என்டிஎச்-எஃப் மரபணுவை ஒட்டித் தொடங்கி ஒய்சிஎஃப்1 மரபணுவில் முடிகிறது. உங்கள் கோப்பில் இந்த வரிசை மாறியிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி, எதிர்நிரப்பு வரிசையாக (கடைசியிலிருந்து முதலுக்கு எழுதி, ஏவுக்கு டி, டிக்கு ஏ, ஜிக்கு சி, சிக்கு ஜி என்று மாற்றிய வரிசை) மாற்றி, அதே இடத்தில் ஒட்டுங்கள். முழு ஜீனோமையும் திருப்பிவிடக் கூடாது. எல்லைகள் எங்கே என்று தெரியாவிட்டால் அதே பிளாஸ்ட் பக்கத்தில் ஒரு ஜீனோமை அதனோடே ஒப்பிடுங்கள். எதிர்த்திசையில் பொருந்தும் மிக நீளமான துண்டுதான் தலைகீழ் இரட்டை. புகையிலைக்கு அது 86,687இல் தொடங்கி 112,029இல் முடியும், மறுபிரதி 130,601 முதல் 155,943 வரை. வெட்டி ஒட்டும் வேலைக்கு யுஜீன் என்ற இலவச மென்பொருள் போதும்.

நிஜமான தலைகீழ் மாற்றங்களும் உண்டு. சூரியகாந்திக் குடும்பத்தின் பெரும்பகுதியில் பெரிய ஒற்றைப் பகுதிக்குள் சுமார் 22,800 எழுத்து நீளமுள்ள துண்டு திரும்பியிருக்கிறது. அவரைக் குடும்பத்தின் பெரும்பாலான செடிகளில் சுமார் 50,000 எழுத்து நீளத்துக்கு ஒன்று. இவை இரட்டைகளுக்கு நடுவே அல்லாமல் வேறு இடத்தில் நிகழ்ந்தவை, அடையாளம் அதுதான். திரும்பிய துண்டின் இரு முனையும் மிகச் சரியாக இரட்டைகளின் எல்லையில் போய் நின்றால், முதலில் கோப்பைச் சந்தேகியுங்கள்.

மூன்றாம் படி: மரபணுக்களை ஒரே கையால் குறிப்பது

களஞ்சியத்திலிருந்து எடுத்த கோப்புகளில் மரபணுக் குறிப்புகள், அதாவது அனோட்டேஷன், வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு கருவிகளால் செய்யப்பட்டவை. ஒன்றில் இருக்கும் மரபணு இன்னொன்றில் இல்லை என்றால், குறித்தவர் விட்டுவிட்டார் என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். அதனால் பழைய குறிப்புகளை ஒதுக்கிவிட்டு எல்லா ஜீனோம்களையும் ஜீசெக் என்ற இணையக் கருவியில் ஒரே அமைப்போடு மறுபடி ஓட்டுங்கள். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் உருவானது, இலவசம்.

கருவி தரும் முடிவை அப்படியே ஏற்றுக்கொள்ளவும் கூடாது. அது தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். சில மரபணுக்கள் துண்டு துண்டாக இருக்கும்: பயன்படும் துண்டு எக்ஸான், நடுவே நின்று ஆர்என்ஏவில் வெட்டி எறியப்படுவது இன்ட்ரான். பெட்-பி மரபணுவின் முதல் எக்ஸான் ஆறே எழுத்து. பெட்-டி மரபணுவில் எட்டு, ஆர்பிஎல்16இல் ஒன்பது. இவ்வளவு சிறிய துண்டைக் கருவி தவறவிட்டு மரபணுவைப் பாதியில் தொடங்கிவிடும். ஆர்பிஎஸ்12 இன்னும் சிக்கலானது. அதன் முதல் துண்டு பெரிய ஒற்றைப் பகுதியிலும் மீதி வெகு தூரத்தில் தலைகீழ் இரட்டையிலும் இருக்கும். ஆர்என்ஏ நிலையில்தான் இரண்டும் ஒன்று சேரும். வரைபடத்தில் இந்த மரபணு ஜீனோமின் பாதியை நிறைத்துக்கொண்டு தெரிந்தால் குறிப்பில் பிழை.

என்டிஎச்-டி மரபணுவின் தொடக்கத்தில் ஏடிஜி இல்லாமல் ஏசிஜி இருப்பதாகக் கருவி எச்சரிக்கும். அது பிழையல்ல. புகையிலையில் அந்த சி எழுத்து ஆர்என்ஏவில் யூ ஆகத் திருத்தப்படுகிறது, அதற்குப் பிறகுதான் புரதம் உருவாகிறது. மாறாக, இன்ஃப்-ஏ மரபணு புகையிலையில் செயலிழந்த எச்சமாகவே நிற்கிறது. அதை முழு மரபணு என்று எண்ணிவிடாதீர்கள்.

எண்ணிக்கையைச் சொல்லும்போது எந்த முறையில் எண்ணினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பூக்கும் தாவரங்களில் பொதுவாக 79 அல்லது 80 புரத மரபணுக்கள், 30 டிஆர்என்ஏ, 4 ஆர்ஆர்என்ஏ மரபணுக்கள் (புரதம் கட்ட உதவும் ஆர்என்ஏக்களைத் தருபவை) இருக்கும். இரட்டையில் இருப்பவற்றை ஒருமுறை எண்ணினால் வரும் கணக்கு இது, இரண்டு முறை எண்ணினால் கூடும். ஒருவர் ஒரு முறையிலும் இன்னொருவர் மற்ற முறையிலும் எண்ணியதைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து அட்டவணை போட்டால், செடிகள் மரபணுக்களை இழந்தும் பெற்றும் வந்ததுபோலத் தோற்றம் வரும். புரதமாகப் படிக்கக்கூடியதாக இருந்தும் எந்த மரபணு என்று உறுதியாகாத, ஓஆர்எஃப் என்று குறிக்கப்படும் திறந்த சட்டகங்களை ஒப்பீட்டில் சேர்க்காமல் விடுவதே என் யோசனை. ஓர் எழுத்து மாறினாலும் அவை தோன்றும், மறையும்.

நான்காம் படி: அலைன்மென்ட்

பொருந்தும் எழுத்துகள் ஒன்றின்கீழ் ஒன்று வரும்படி, தேவையான இடத்தில் இடைவெளி விட்டு வரிசைகளை அடுக்குவதே அலைன்மென்ட். திசையும் தொடக்கமும் சரியான ஃபாஸ்டா வரிசைகளை ஒரே கோப்பில் அடுக்கி மாஃப்ட் மென்பொருளில் ஓட்டுங்கள். இணையத்திலும் கிடைக்கிறது, கணினியிலும் நிறுவலாம். முறையைத் தானியங்கித் தேர்வுக்கே விட்டுவிடுங்கள். இவ்வளவு நெருங்கிய ஜீனோம்களுக்குச் சாதாரண மடிக்கணினியே தாராளம்.

முடிவை ஏலிவியூ அல்லது ஜால்வியூவில் திறந்து முதலிலிருந்து கடைசி வரை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். இதைத் தவிர்க்க நினைக்காதீர்கள். கண்ணில் படாத பிழை எந்தப் புள்ளிவிவரத்திலும் தெரியாது. இரண்டு விஷயங்களைத் தேடுங்கள்.

முதலாவது, ஒரே எழுத்து நீளமாகத் திரும்பத் திரும்ப வரும் இடங்கள். பத்துப் பன்னிரண்டு ஏ எழுத்துகளோ டி எழுத்துகளோ தொடர்ச்சியாக வந்தால், அங்கே ஓர் எழுத்து கூடுவதும் குறைவதும் படிக்கும் கருவியின் பிழையாகவும் இருக்கலாம். அந்த இடத்தை இனத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்ள அவசரப்படக் கூடாது.

இரண்டாவது, சில எழுத்துகள் மட்டுமே திரும்பிய குட்டித் தலைகீழ் மாற்றங்கள். டிஆர்என்ஏ-எச், பிஎஸ்பி-ஏ மரபணுக்களுக்கு இடையிலான வெளியில் இவை அடிக்கடி காணப்படும். டிஎன்ஏ அங்கே தன்மேலேயே மடிந்து கொண்டையூசி வடிவம் எடுப்பதால் வருபவை. அலைன்மென்டில் பார்க்கும்போது நெருக்கமாகப் பல எழுத்துகள் மாறியதுபோல இருக்கும். அந்தத் துண்டின் எதிர்நிரப்பை எழுதிப் பாருங்கள். மற்றச் செடியின் வரிசையோடு அது பொருந்திவிட்டால் நடந்தது ஒரே ஒரு மாற்றம்தான். அதைப் பத்துத் தனி மாற்றங்களாக எண்ணினால் அந்தச் சிறு வெளிக்கு இல்லாத முக்கியத்துவம் வந்துவிடும்.

ஐந்தாம் படி: எண்ணுவது

இப்போதுதான் உண்மையான ஒப்பீடு. எழுத்து மாற்றங்களைத் தனியாகவும் இடைவெளிகளைத் தனியாகவும் எண்ணுங்கள். ஒன்பது எழுத்து நீளமுள்ள இடைவெளி ஒரே நிகழ்வு, ஒன்பது நிகழ்வு அல்ல.

2006 ஒப்பீட்டில் புகையிலைக்கும் சில்வெஸ்ட்ரிஸுக்கும் இடையே வேறுபட்ட இடங்கள் ஏழே ஏழு. மூன்று இன்ட்ரான்களில், இரண்டு மரபணுக்களுக்கு இடையிலான வெளிகளில், இரண்டு மரபணுக்களின் குறியீட்டுப் பகுதியில் (புரதமாக மாறும் பகுதி). மொத்த நீளத்திலும் வித்தியாசம் இரண்டு எழுத்துதான், சில்வெஸ்ட்ரிஸின் நீளம் 155,941. சராசரியாக 22,000 எழுத்துக்கு ஒரு மாற்றம். டொமென்டோசிஃபார்மிஸின் நீளம் 155,745, புகையிலையிலிருந்து அது வேறுபட்ட இடங்கள் 1,194. ஆயிரம் எழுத்துக்கு ஏறத்தாழ 7.7.

உங்களுக்குச் சில்வெஸ்ட்ரிஸில் நூற்றுக்கணக்கில் வேறுபாடு வந்தால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள். ஒன்றிரண்டு கூடிக் குறைந்தால் எண்ணும் முறையில் வந்த வித்தியாசமாக இருக்கலாம், அந்த இடங்களைத் திறந்து பாருங்கள்.

டொமென்டோசிஃபார்மிஸ் வேறுபாடுகளை நான்கு துண்டுகளுக்கும் பிரித்துப் பாருங்கள். தலைகீழ் இரட்டைகளில் எழுத்து மாற்றம் ஒற்றைப் பகுதிகளைவிட வெகு குறைவாக இருப்பது தெரியும். இரட்டைகள் ஒன்றையொன்று பார்த்துத் திருத்திக்கொள்வதால் ஒன்றில் நேர்ந்த மாற்றம் பெரும்பாலும் அழிந்துவிடுகிறது என்பதே இதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். ஆர்ஆர்என்ஏ மரபணுக்கள் நான்கும் இரட்டைகளுக்குள் இருப்பதையும் கவனியுங்கள். ஜி, சி எழுத்துகளின் விகிதம் அங்கே கூடுதலாக இருப்பதற்குக் காரணம் அவைதான்.

மாறும் பகுதிகளைக் கண்டுபிடிக்க டிஎன்ஏஎஸ்பி என்ற மென்பொருளில் நகரும் சாளரக் கணக்கை ஓட்டுவது வழக்கம். குறிப்பிட்ட நீளத் துண்டாக நகர்ந்து நகர்ந்து ஒவ்வொன்றிலும் வேறுபாட்டை அளக்கும் முறை அது. சாளரம் 600 எழுத்து, நகர்வு 200. மூன்று நான்கு ஜீனோம்களை மட்டும் வைத்து வரும் உச்சிகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு பேரினத்தில் பத்துப் பதினைந்து இனங்களாவது சேர்ந்த பிறகுதான் அந்த வரைபடத்துக்குப் பொருள் வருகிறது. அப்போது ஒய்சிஎஃப்1 மரபணுவும், என்டிஎச்-எஃப் மற்றும் ஆர்பிஎல்32 மரபணுக்களுக்கு இடைப்பட்ட வெளியும் பல குடும்பங்களில் முன்னால் வந்து நிற்கும். தாவரங்களுக்கான டிஎன்ஏ அடையாளமாக 2009இல் பரிந்துரைக்கப்பட்டவை ஆர்பிசி-எல், மேட்-கே என்ற இரண்டு மரபணுக்கள். நெருங்கிய காட்டு இனங்களைப் பிரித்தறிய அவை பல நேரம் போதுவதில்லை. முழு ஜீனோம் ஒப்பீட்டின் நடைமுறைப் பயன் இங்கேதான்: உங்கள் செடிகளுக்கு ஏற்ற புதிய அடையாளப் பகுதியைத் தேர்ந்தெடுக்க முடியும்.

ஜீனோம்களின் ஒற்றுமையை நீளவாட்டில் காட்டும் எம்விஸ்டா வரைபடம் கிட்டத்தட்ட எல்லாக் கட்டுரையிலும் இருக்கிறது. இவ்வளவு நெருங்கிய செடிகளுக்கு அது தட்டையான கோடாகத்தான் வரும், வரையாவிட்டால் நட்டமில்லை. ஒன்று முதல் ஆறு எழுத்து நீளமுள்ள துண்டு அடுத்தடுத்துத் திரும்பத் திரும்ப வரும் சிறு தொடர் மீள்வரிசைகளுக்கு, மிசா கருவியில் 10, 5, 4, 3, 3, 3 என்ற வரம்புகளைக் (முறையே அந்த ஆறு நீளங்களுக்கும் குறைந்தது எத்தனை முறை வர வேண்டும் என்பது) கொடுத்து ஓட்டுங்கள். பெரும்பாலானவை ஏ, டி எழுத்துகளின் தொடராகவே இருக்கும். மரபணுக்கள்மீது இயற்கைத் தேர்வு செயல்பட்டதா என்று பார்க்கும் விகிதக் கணக்கை இந்தப் பயிற்சியில் தொட வேண்டாம். புகையிலைக்கும் சில்வெஸ்ட்ரிஸுக்கும் இடையே குறியீட்டுப் பகுதிகளில் மொத்தமே இரண்டு மாற்றம். அதிலிருந்து விகிதம் கணக்கிட்டால் கிடைக்கும் எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை.

ஆறாம் படி: எல்லைகள்

ஒற்றைப் பகுதிகளும் இரட்டைகளும் சந்திக்கும் எல்லைகள் நான்கு. ஐஆர்ஸ்கோப் கருவியில் ஜென்பேங்க் கோப்புகளைக் கொடுத்தால் ஒவ்வொரு எல்லையிலும் எந்த மரபணு எத்தனை எழுத்து தூரத்தில் நிற்கிறது என்று படம் போட்டுத் தரும். இந்தக் கருவி உங்கள் அனோட்டேஷனை அப்படியே நம்பும். மூன்றாம் படியில் விட்ட பிழை இங்கே எல்லை மாற்றமாக முளைக்கும்.

சில பத்து எழுத்து நகர்வு நெருங்கிய இனங்களுக்குள் சர்வசாதாரணம், அதற்குத் தனிக் கதை கட்ட வேண்டாம். பெரிய மாற்றம் எப்படி இருக்கும் என்பதற்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். தோட்டங்களில் வளர்க்கும் பெலார்கோனியம் ஒன்றில் இரட்டை 75,741 எழுத்துக்கு விரிந்து, ஜீனோமின் மொத்த நீளம் 217,942 ஆகிவிட்டது. மறுபுறம், நம் குறிஞ்சி இடம்பெறும் ஸ்ட்ரோபிலாந்தஸ் பேரினத்தின் குஸியா என்ற இனத்தில் இரட்டை 17,328 எழுத்தாகச் சுருங்கியிருக்கிறது, மொத்தம் 144,133. குறிஞ்சி வகைகளை ஆராய நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் இது ஒன்று.

ஏழாம் படி: உறவு மரம்

மரம் வரைவதற்கு முன் இரட்டைகளில் ஒன்றை நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே தகவலை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். அட்ரோபாவையும் சேர்த்து மறுபடி அலைன் செய்து, ஐக்யூ-ட்ரீ மென்பொருளில் எழுத்து மாற்றங்களுக்கான கணித மாதிரியின் தேர்வைத் தானாக நடக்க விட்டு, விரைவு பூட்ஸ்ட்ராப் (ஒவ்வொரு கிளையும் எவ்வளவு உறுதி என்று நூற்றுக்கு மதிப்பிடும் சோதனை) 1000 முறை ஓட்டுங்கள். அட்ரோபாவை வெளிக்குழுவாக (மரத்தின் வேரைக் காட்டும் தூரத்து உறவு) வைத்தால் புகையிலையும் சில்வெஸ்ட்ரிஸும் ஒட்டி நிற்க, டொமென்டோசிஃபார்மிஸ் தள்ளி நிற்கும்.

கிளைக்கு 100 மதிப்பு வந்திருப்பதைக் கண்டு மகிழ்வதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். பசுங்கணிக ஜீனோம் பெரும்பாலும் தாய்வழியாக மட்டும் இறங்குவது. அதிலுள்ள நூற்றுச் சொச்சம் மரபணுக்களும் ஒன்றாகவே பயணம் செய்கின்றன. அதனால் எத்தனை மரபணுக்களைச் சேர்த்தாலும் சொல்லப்படுவது ஒரே வம்சாவளி. 100 என்ற மதிப்பு அந்த ஒரு வம்சாவளியைப் பற்றிய உறுதி மட்டுமே.

புகையிலையில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். அதன் செல்லில் 48 குரோமோசோம்கள். 24 சில்வெஸ்ட்ரிஸ் வழியில் வந்தவை, 24 டொமென்டோசிஃபார்மிஸ் வழியில் வந்தவை. செடியின் உட்கரு ஜீனோமில் ஏறத்தாழப் பாதியைத் தந்த தந்தை, நீங்கள் வரைந்த மரத்தில் தூரத்து உறவாக நிற்கிறது. மரத்தில் பிழையில்லை. தாய் யார் என்ற கேள்விக்கு அது மிகத் துல்லியமாகப் பதில் சொல்லியிருக்கிறது. இனத்தின் பிறப்பு என்ன என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது. ஐரோப்பாவின் ஓக் மரங்களில் இன்னொரு விதமான குழப்பம். அங்கே ஒரே வட்டாரத்தில் வளரும் வெவ்வேறு இனங்கள் ஒரே பசுங்கணிக வகையைப் பகிர்ந்துகொள்கின்றன. இனங்களுக்கிடையே கலப்பு நடந்தால் இப்படித்தான் ஆகும்.

ஆகவே காட்டுச் செடிகளில் உங்கள் மரம் பூ, காய், இலையின் வகைப்பாட்டோடு முரண்பட்டால், வகைப்பாடு தவறு என்று எழுத அவசரப்படாதீர்கள். உட்கரு டிஎன்ஏவின் ஒரு பகுதியையாவது படித்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு எழுதுங்கள்.

உங்கள் சொந்தச் செடிகளுக்குப் போகும்போது

காட்டுக்குள் கால் வைப்பதற்கு முன் வனத்துறை அனுமதி வாங்குங்கள். மாதிரியையோ டிஎன்ஏவையோ வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளை முன்கூட்டியே படித்துக்கொள்ளுங்கள். வேரோடு பிடுங்க வேண்டிய தேவை இல்லை, சில இளம் இலைகள் போதும். பறித்த உடனே சிலிக்கா ஜெல்லில் போட்டு உலர்த்துங்கள். அதே செடியிலிருந்து பூவோடு ஒரு கிளையை உலர்தாவர மாதிரியாக்கி, கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம் போன்ற பதிவுபெற்ற இடத்தில் சேர்த்து எண் வாங்குங்கள். செடியின் பெயர் தவறு என்று பின்னால் யாராவது சந்தேகப்பட்டால் திரும்பிப் பார்க்க அந்தக் கிளை ஒன்றுதான் இருக்கும். அது இல்லாத ஜீனோம் எந்தச் செடியுடையது என்பதற்குச் சாட்சி கிடையாது.

இலையின் மொத்த டிஎன்ஏவில் பசுங்கணிகத்தின் பங்கு கணிசமானது. எனவே பசுங்கணிகத்தைத் தனியே பிரிக்காமல், மொத்த டிஎன்ஏவை 150 எழுத்து இணை ரீடுகளாக (கருவி படித்துத் தரும் சிறு துண்டுகள்) குறைந்த ஆழத்தில் (ஒவ்வொரு இடமும் சில முறையே படிக்கப்படும்படி) படித்தாலே போதும். ஒன்றிரண்டு கிகா எழுத்துகள் (ஒரு கிகா என்பது நூறு கோடி) பல செடிகளுக்குப் போதுமானவை. ரீடுகளை ஒன்றாகக் கோத்து ஜீனோமாக்கக் கெட்ஆர்கனெல் மென்பொருள் நல்ல தேர்வு. இலக்காகத் தாவரப் பசுங்கணிகத்தைக் கொடுத்து, கே-மர் (கோக்கும்போது ரீடுகளை வெட்டிப் பொருத்தும் சிறு துண்டு) நீளங்களை 21, 45, 65, 85, 105 என்று வையுங்கள். வெற்றிகரமாக முடிந்தால் இரண்டு ஃபாஸ்டா கோப்புகள் வரும். எது சரி என்று கேட்டுப் பலர் குழம்புகிறார்கள். இரண்டும் சரி. சிறிய ஒற்றைப் பகுதியின் திசை மட்டும்தான் வேறு. புகையிலையோடு திசை ஒத்துப்போவதை எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவையுங்கள்.

கோத்து முடித்ததும் அதே ரீடுகளை ஜீனோம்மீது திருப்பிப் பொருத்தி, ஐஜிவி என்ற பார்வையிடும் மென்பொருளில் ஆழத்தைப் பாருங்கள். திடீரென்று ஆழம் சரியும் இடம் இருந்தால், உட்கருவுக்கோ மைட்டோகாண்ட்ரியாவுக்கோ எப்போதோ இடம்பெயர்ந்த பசுங்கணிகத் துண்டு உள்ளே கலந்திருக்கலாம். இரண்டு எழுத்துகள் கலந்து தெரியும் இடங்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். நான்கு எல்லைகளையும் தாண்டிச் செல்லும் ரீடுகள் போதுமான அளவு இருந்தால்தான் எல்லை உறுதி.

பொதுக் களஞ்சியத்தில் பதிவேற்றும்போது கோத்து முடித்த ஜீனோமோடு மூல ரீடுகளையும் சேர்த்து ஏற்றுங்கள். உலர்தாவர மாதிரியின் எண், பறித்த இடம், நாள் ஆகியவற்றை அதற்குரிய கட்டங்களில் நிரப்புங்கள். அரிய செடி என்றால், துல்லியமான இடக்குறிப்பைத் தவிர்த்து மாவட்டத்தையும் மலைத்தொடரையும் மட்டும் கொடுங்கள்.